ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?

எங்கள் வீட்டு வைஃபை மதியம் மூன்று மணிக்குப் படுத்துக்கொள்ளும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இன்னொரு தடவை. காலையில் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். ஏழெட்டு மாதம் இப்படியே போனது. அந்த மாதங்களில் 'வைஃபை சரியாக வேலை செய்யவில்லையா? இதோ பத்து வழிகள்' வகைக் கட்டுரைகளும் வீடியோக்களும் நான் பார்த்தது கொஞ்சநஞ்சம் இல்லை. இந்தப் பதிவு அவற்றைப் பற்றிய விமர்சனம். புத்தகத்துக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். ஊரெல்லாம் படித்து, படித்த கையோடு செய்தும் பார்க்கிற இந்த வகை எழுத்தை மட்டும் ஏன் சும்மா விட வேண்டும் என்று தோன்றியது.

அதற்கு முன் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் பழைய வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், பின்கட்டில் சமையலறை, அதைத் தாண்டினால் கொல்லை. ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். சுவர்கள் இந்தக் காலத்துச் சுவர்கள் இல்லை, நல்ல கனம். வாசல் பக்கத்து அறையில் உட்கார்ந்து நான் அலுவலக வேலை பார்க்கிறேன். ஃபைபர் கேபிள் அந்த அறை ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. ரவுட்டரும் அதே ஜன்னலோரம்.

அக்கா சிங்கப்பூரில். அவளுக்குக் கைக்குழந்தை. நமக்கு மூன்று மணி என்றால் அங்கே ஐந்தரை. குழந்தை தூங்கி எழுந்து சிரித்த முகமாக இருக்கும் நேரம். அம்மா அப்போதுதான் வீடியோ காலில் பேத்தியைப் பார்ப்பார். எனக்கும் வாரத்தில் நாலு நாள் அதே மூன்று மணிக்கு மீட்டிங். எதிராளி பேசுவது வெட்டி வெட்டிக் கேட்கும், என் முகம் அப்படியே உறைந்து நிற்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்:

"அம்மா, நீ அந்த நேரத்துல வீடியோ கால் போடுறதாலதான் எனக்குக் கட் ஆவுது. வேற நேரத்துல பேசேன்."

"அப்படியாடா? சரி, நான் பாத்துக்கறேன்."

இந்த ஒரு வரியை நான் எங்கிருந்து கற்றுக்கொண்டேன் என்பதுதான் இந்த விமர்சனத்தின் மையம். அதற்கு வருகிறேன்.

பட்டியல் என்கிற வடிவம்

இந்தக் கட்டுரைகளுக்கு ஒரே அச்சு. ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். ரவுட்டரை உயரமான இடத்தில், வீட்டின் நடுவில் வையுங்கள். சேனலை மாற்றுங்கள். டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். பூஸ்டர் வாங்குங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் திருடலாம். வீட்டில் நெட் பயன்படுத்துகிறவர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். சிலர் ஆன்டெனாவுக்குப் பின்னால் அலுமினியத் தாளையும் நிறுத்தச் சொல்வார்கள்.

இதில் பல தனித்தனியாகச் சரியானவை. ரவுட்டரை உயரத்தில் வைப்பது நல்லதுதான். என் குறை வேறு. இவை எல்லாமே மருந்துகள். நோய் என்ன என்று கண்டுபிடிக்கும் வழி ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. காய்ச்சல் என்று போனவரிடம் பத்து மாத்திரையைக் கொடுத்து, வரிசையாகப் போட்டுக்கொண்டே வாருங்கள், எதில் நிற்கிறதோ அதுதான் உங்கள் வியாதிக்கு மருந்து என்று ஒரு வைத்தியர் சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

வீட்டு இணையம் என்பது ஒரே பொருள் இல்லை. குறைந்தது மூன்று துண்டுகள். போனிலிருந்து ரவுட்டர் வரை காற்று. ரவுட்டரிலிருந்து கேபிள்காரரின் அலுவலகம் வரை கம்பி அல்லது கண்ணாடி இழை. அங்கிருந்து அக்காவின் சிங்கப்பூர் வீடு வரை மீதி உலகம். வைஃபை என்பது இதில் முதல் துண்டுக்கு மட்டுமே பெயர். ஆனால் மூன்றில் எது பழுதானாலும் நாம் சொல்வது "வைஃபை வரல". பட்டியல் எழுதுகிறவரும் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்கிறார். முதல் துண்டுக்கான மருந்தும் மூன்றாம் துண்டுக்கான மருந்தும் ஒரே தட்டில் வந்து விழுகின்றன.

ரீஸ்டார்ட்

பட்டியலில் முதலிடம் எப்போதும் இதற்குத்தான். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டாலும் முதல் கேள்வி இதுவே. "சார், ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

ரீஸ்டார்ட் வேலை செய்யும். அதை மறுக்கவில்லை. ரவுட்டரும் ஒரு சின்னக் கணினிதான். நினைவகம் நிரம்பிப் போயிருக்கலாம், ஏதோ ஒரு மென்பொருள் சிக்கி நிற்கலாம், நெரிசலான சேனலில் மாட்டியிருக்கலாம். நிறுத்திப் போட்டால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆனால் அதே செயல் தடயத்தையும் அழிக்கிறது. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் தங்கள் பதிவேட்டைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. எத்தனை மணிக்கு லைன் அறுந்தது, எத்தனை தடவை திரும்பி வந்தது எல்லாம் சுவிட்சை அணைத்த நொடியில் போய்விடும். திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருவதற்குள் பெருக்கித் துடைத்து வைப்பது மாதிரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரீஸ்டார்ட் பண்ணினேன், சரியாயிற்று என்றால், சரியானது ரீஸ்டார்ட்டால்தான் என்று எப்படித் தெரியும்? நான் ஏழு மாதம் அதை நம்பினேன். ஒவ்வொரு சாயங்காலமும் எழுந்து போய் ஸ்விட்சை அணைத்துப் போடுவேன். உடனே சரியாகும். உண்மையில் அதைச் சரிசெய்தது ரீஸ்டார்ட்டே இல்லை. என்னவென்று பின்னால் சொல்கிறேன். இப்போது சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

நாற்பத்தெட்டு என்கிற எண்

ஒருநாள் கேபிள்காரர் ஆள் அனுப்பினார். வந்த தம்பி நல்ல மாதிரி. போனை எடுத்து ரவுட்டர் பக்கத்தில் நின்று ஸ்பீடு டெஸ்ட் போட்டார்.

"பாருங்க சார், நாப்பத்தெட்டு வருது. உங்க பிளான் அம்பது. எங்க சைடுல எல்லாம் ஓகே."

"காலைல நல்லாத்தான் இருக்கும் தம்பி. மூணு மணிக்குத்தான்."

"மூணு மணிக்கும் ஒருவாட்டி போட்டுப் பாருங்க சார்."

போட்டேன். நாற்பதுக்கு மேல் காட்டியது. என் வாய் அடைந்துவிட்டது.

ஸ்பீடு டெஸ்ட் பொய் சொல்வதில்லை. நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். அது பக்கத்திலுள்ள ஒரு சர்வரைத் தேர்ந்தெடுத்து, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, சில நொடிகள் முழு மூச்சாக இழுத்துப் பார்த்து, எவ்வளவு வந்தது என்று சொல்லும். ஒரு வீடியோ அழைப்புக்குத் தேவை சாதாரணமாக 1-லிருந்து 4 எம்பிபிஎஸ். ஐம்பதெல்லாம் வேண்டியதே இல்லை. அதற்கு வேண்டியது வேறு: அனுப்பிய பாக்கெட் தொலையாமல் போய்ச் சேர வேண்டும், சீக்கிரமாகவும் ஒரே சீராகவும் சேர வேண்டும். குரல் உரையாடல் இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையே இருக்கிறது. சாலையின் அகலத்தை அளந்து ஐம்பது அடி இருக்கிறதே என்றால், அந்தச் சாலையில் பஸ் நேரத்துக்கு வருகிறதா என்ற கேள்விக்குப் பதில் ஆகுமா?

இது தெரியாத விஷயமும் இல்லை. 2023-ல் நம் நாட்டில் பிராட்பேண்டு என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ் என்று ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு ட்ராய் வெளியிட்ட சேவைத்தர விதிமுறைகளில் தாமதம், பாக்கெட் இழப்பு எல்லாம் அளவுகோல்களாக இருக்கின்றன. ஆப்பிள் கணினிகளில் 2021-லிருந்தே, லைன் நிறைந்திருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை போய்த் திரும்ப முடிகிறது என்று அளக்கும் கட்டளை இருக்கிறது. ஆனால் தெருமுனை பேனரில் பாருங்கள். 50, 100, 300. வேறு எண்ணே கிடையாது. விற்கிறவர் சொல்லும் எண்ணை வைத்தே நாம் பழுதும் பார்க்கிறோம். பட்டியல் எழுதுகிறவர்களும் அந்த பேனரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறார்கள்.

பாதி உண்மைகள்

சேனல் மாற்றும் ஆலோசனையைக் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் இதில் நல்லெண்ணத்தோடு தவறு செய்கிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் நமக்கு 13 சேனல்கள். ஆனால் சேனலுக்குச் சேனல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ரவுட்டர் எடுத்துக்கொள்ளும் அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். அதனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்றுதான். வீடியோவில் என்ன சொல்கிறார்கள்? ஆப்பைத் திறந்து பாருங்கள், எல்லாரும் 1-லும் 6-லும் இருக்கிறார்கள், நீங்கள் யாருமில்லாத 3-க்குப் போங்கள் என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒரே சேனலில் இருக்கும் கருவிகள் ஒன்று பேசும்போது மற்றது கேட்டு, காத்திருந்து, முறை வைத்துப் பேசும். பாதி மட்டும் ஏறிய சேனலில் அடுத்தவர் பேச்சு வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். முறை வைக்கவும் முடியாது, தெளிவாகக் கேட்கவும் முடியாது. 3-ல் போய் உட்கார்ந்தவர் இரண்டு பக்கமும் இடி வாங்குவார், இரண்டு பக்கத்துக்கும் இடி கொடுப்பார்.

டிஎன்எஸ் மாற்றுவது பெயரை முகவரியாக மாற்றும் வேலைக்கு மட்டும். உங்கள் டிஎன்எஸ் சர்வர் மந்தமாக இருந்தால் பக்கம் திறக்கத் தொடங்குவது சீக்கிரமாகும். ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் வீடியோ கால் நடுவில் வெட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

பூஸ்டர் வாங்கியும் பார்த்தேன். ஒரே ரேடியோவை வைத்திருக்கும் மலிவான பூஸ்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் காற்றில் வாங்கி, அதையே மறுபடி காற்றில் அனுப்புகிறது. ஒரே சேதியை இரண்டு தடவை சொல்வதால் கிடைக்கும் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். தவிர, லைனே பழுது என்றால் அந்தப் பழுதையும் சேர்த்துத்தான் அது 'பூஸ்ட்' பண்ணும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. முற்றத்தில் கோபுரம் போல நான்கு கட்டை சிக்னல், இணையம் மட்டும் இல்லை.

"வீட்டுல எத்தனை பேர் யூஸ் பண்றாங்க?"

இப்போது மையத்துக்கு வருகிறேன். பட்டியலின் கடைசி இரண்டு ஆலோசனைகளைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் திருடுகிறார். வீட்டில் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். மற்றவை எல்லாம் கருவியைப் பற்றிப் பேசும்போது இவை மட்டும் ஆளைக் கைகாட்டுகின்றன. கருவியில் ஒன்றும் பிடிபடாதபோது இந்த இரண்டுதான் மனதில் ஒட்டிக்கொள்கின்றன. ஆளைக் கைகாட்டுவது சுலபம். அளக்க வேண்டாம், கழற்ற வேண்டாம்.

யாரைக் கைகாட்டுவோம் என்பதையும் யோசித்தேன். வீட்டில் 'முக்கியமான' வேலைக்கு இணையம் பயன்படுத்துகிறவர் மற்றவரைக் காட்டுவார். அப்பா பிள்ளையின் விளையாட்டைக் காட்டுவார். அண்ணன் தங்கையின் ரீல்ஸைக் காட்டுவான். நான் அம்மாவைக் காட்டினேன். அம்மாவுக்கு மறுத்துச் சொல்ல ஒரு எண்ணும் கையில் இல்லை.

இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். அம்மா தினமும் மூன்று மணிக்குப் போனை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறார். அவர்கள் வீட்டு வைஃபையில் உட்கார்ந்து பேத்தியைப் பார்க்கிறார்.

"ஏம்மா அங்க போற?"

"நீதானடா சொன்ன, உனக்குக் கட் ஆவுதுன்னு. குழந்தை அந்த நேரத்துலதான் முழிச்சிருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

அந்த இரண்டு வாரமும் மூன்று மணிக்கு என் மீட்டிங் வழக்கம்போல வெட்டிக்கொண்டுதான் இருந்தது. அம்மா வீட்டிலேயே இல்லை. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கைகாட்டி முடித்துவிட்டதால் கணக்கு முடிந்துவிட்டது என்று இருந்திருக்கிறேன்.

இரண்டு விண்டோ, ஒரு நோட்டு

அன்றைக்கு ராத்திரி ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். ரீஸ்டார்ட் கூடாது என்று முடிவு செய்தேன். கணினியில் இரண்டு விண்டோ திறந்து, இரண்டிலும் பிங் ஓட விட்டேன். பிங் 1983-ல் மைக் மூஸ் என்பவர் எழுதிய குட்டி நிரல். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலி அனுப்பி எதிரொலி கேட்கிற மாதிரி, ஒரு பாக்கெட் அனுப்பி, அது திரும்பி வர எத்தனை மில்லிசெகண்ட் என்று சொல்லும். பெயரும் அந்தச் சோனார் சத்தம்தான். போனிலும் இதற்கு இலவச ஆப்புகள் உண்டு.

முதல் விண்டோவில் ரவுட்டருக்கே பிங். எங்கள் வீட்டில் அதன் முகவரி 192.168.1.1. இரண்டாவதில் வெளியே உள்ள 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு. இதில் உள்ள தர்க்கம் ரொம்பச் சின்னது. முதலாவதே தள்ளாடினால் பழுது காற்றில். முதலாவது சீராக இருந்து இரண்டாவது மட்டும் தள்ளாடினால் பழுது ரவுட்டருக்கு அந்தப் பக்கம். இரண்டும் சீராக இருந்து ஒரு ஆப் மட்டும் திணறினால் பழுது எங்கோ தூரத்தில், நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு பாக்கெட் தாமதமாவதை வைத்து முடிவு கட்டக் கூடாது, ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்வதும் உண்டு. நிமிடக்கணக்கில் பார்க்க வேண்டும்.

நான்கு நாள் எழுதினேன். மணி, இரண்டு எண்கள், ரவுட்டரின் எந்த விளக்கு எப்படி எரிகிறது, வீட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. இந்தக் கடைசிக் கட்டம்தான் காப்பாற்றியது.

முதல் குற்றவாளி

மூன்று மணி. என் அறை. முதல் விண்டோ 3 மில்லிசெகண்டில் அசையாமல் நின்றது. இரண்டாவது 20-லிருந்து ஏறி 900-ஐத் தொட்டது. காற்றில் பழுதில்லை. யாரோ லைனை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா பக்கத்து வீட்டில். வீட்டில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான்.

என் கணினியைப் பார்த்தேன். போட்டோக்களையும் ஆபீஸ் கோப்புகளையும் கிளவுடுக்கு ஏற்றும் நிரல் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தது. தினமும் இரண்டரை மணிக்குத் தொடங்கும்படி நான்தான் வைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் நெட் பயன்படுத்த மாட்டார்கள் என்று என் கணக்கு. வைத்ததும் மறந்துவிட்டேன்.

என் பிளானில் டவுன்லோடு 50 என்றாலும் அப்லோடு கிட்டத்தட்ட 8 எம்பிபிஎஸ்தான். ஸ்பீடு டெஸ்ட் அந்த எண்ணையும் காட்டத்தான் செய்தது. மூன்று மணிக்கு அது பாதியாகக் குறைந்தும் இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்லோடு நிறைந்தால் ஏன் எல்லாமே தவிக்கிறது? திருப்பதி தர்ம தரிசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூண்டுகளை இன்னும் பெரிதாகக் கட்டினால் இன்னும் நிறையப் பேர் உட்காரலாம். தரிசனம் வேகமாகாது, காத்திருப்புதான் நீளும். ரவுட்டரிலும் இப்படி ஒரு கூண்டு உண்டு. அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகள் அதில் வரிசையில் நிற்கும். 1 மெகாபைட் கூண்டு என்று வைத்துக்கொள்வோம். 8 எம்பிபிஎஸ் லைனில் அது காலியாக முழுசாக ஒரு நொடி ஆகும். போட்டோக்கள் அந்தக் கூண்டை நிரப்பி வைத்திருக்க, என் குரலைச் சுமக்கும் குட்டிப் பாக்கெட் கடைசியில் போய் நிற்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு நொடி தாமதம். பாக்கெட் ஒன்றுகூடத் தொலையவில்லை, வேகமும் குறையவில்லை, ஆனால் பேச முடியவில்லை.

இதற்குப் பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ். எக்ஸ் விண்டோ சிஸ்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவர், இணையத்தைக் கரைத்துக் குடித்த ஆள். 2010-ல் தன் வீட்டிலிருந்து பழைய கோப்புகளை வெளியே ஏற்றிக்கொண்டிருந்தபோது வீட்டு இணையம் தவிப்பதைப் பார்த்து, துருவிப் போய்க் கண்டுபிடித்தார். பஃபர்புளோட் என்றார், கூண்டு ஊதிப்போன நோய். 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். பாக்கெட் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றது என்று பார்த்து, நேரம் மீறினால் ஒன்றிரண்டைக் கீழே போட்டு, அனுப்புகிறவரை மெதுவாக்கும். இப்போது ஓபன்டபிள்யூஆர்டி போன்ற ரவுட்டர் மென்பொருள்களில் இதன் வழிவந்த முறைகள் இருக்கின்றன. கேபிள்காரர் கொடுக்கும் பெட்டியில் பெரும்பாலும் அந்த வசதியைத் தேடினால் கிடைக்காது. நான் எளிய வழியில் போனேன். அந்த நிரலின் அப்லோடு வேகத்தை 3 எம்பிபிஎஸ்ஸுக்குக் கட்டினேன், நேரத்தை ராத்திரி ஒரு மணிக்கு மாற்றினேன். மறுநாள் மூன்று மணிக்கு இரண்டாவது விண்டோ 22-ல் நின்றது.

இரண்டாவது குற்றவாளி

சாயங்காலச் சிக்கல் வேறு. அங்கே எண் ஏறவில்லை, இரண்டாவது விண்டோ அரை நிமிடம் முழுசாகச் செத்து, பிழைத்து, மறுபடி செத்தது. ரவுட்டரில் எல்ஓஎஸ் என்று எழுதிய சிவப்பு விளக்கு அப்போது சிமிட்டியது. லைனில் வெளிச்சம் வரவில்லை என்பதற்கான விளக்கு அது. நோட்டில் பார்த்தால் எல்லாம் ஆறு மணிக்கு மேல். பக்கத்துக் கட்டத்தில், "வீட்டில் என்ன நடந்தது" என்ற இடத்தில், நான்கு நாளும் ஒரே வரி: கொசு, ஜன்னல் சாத்தியாச்சு.

ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்தால் வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும். ஜன்னல் திறந்திருந்தால் மைனஸ் 22. சாத்தினால் மைனஸ் 28. இந்தக் கணக்கில் 3 குறைந்தால் ஒளி பாதி, 6 குறைந்தால் கால்வாசி. வீட்டு ஃபைபரில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையின் பி பிளஸ் வகையில், வீட்டுக் கருவி மைனஸ் 27 வரை படித்தால் போதும் என்பது தரநிலை. நாங்கள் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம். அதனால்தான் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. ஜன்னல் கதவும் சட்டமும் சேரும் இடுக்கில் கேபிள் நசுங்கி மடிந்திருந்தது. கண்ணாடி இழை உடைய வேண்டிய அவசியமில்லை. கூர்மையாக மடிந்தாலே ஒளி மடிப்பில் வெளியே கசிந்துவிடும்.

இப்போது சிரிக்கலாம். ரவுட்டரின் பிளக் பாயிண்ட் அந்த ஜன்னல் கதவுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. கதவை லேசாகத் திறந்தால்தான் ஸ்விட்சில் கை படும். ஏழு மாதம் நான் ரீஸ்டார்ட் பண்ணியதாக நினைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்துக் கொசு வரும், யாராவது சாத்துவார்கள், மறுபடி போகும். மதியத்தில் மட்டும் ரீஸ்டார்ட் பலித்தது உண்மை. இணைப்பு அறுந்தவுடன் அப்லோடு நின்று, திரும்பத் தொடங்கச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து பலித்தது. அதனாலேயே இரண்டு நோய் என்று தெரியாமல் போயிற்று.

அந்தத் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டு, ஸ்பீடைப் பற்றி ஒன்றும் பேசாமல், மைனஸ் 22, மைனஸ் 28 என்ற இரண்டு எண்களை மட்டும் காட்டினேன். "அட, பவர் லாஸ் சார்" என்றார் உடனே. சட்டத்தில் ஓட்டை போட்டு, கேபிளைத் தளர்வாக வளைத்து உள்ளே விட்டார். பத்து நிமிட வேலை. அவர் திறமையில் குறையே இல்லை. முதல் தடவை அவரிடம் நான் கேட்ட கேள்விதான் தப்பு.

அம்மாவின் போன் நிரபராதியா?

முழுக்க இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பின்கட்டிலிருந்து பிங் போட்டால் முதல் விண்டோவே 5-க்கும் 150-க்கும் நடுவில் துள்ளியது. இரண்டு கனத்த சுவர்களைத் தாண்டிய அந்தப் பழைய போன் ரொம்பக் குறைந்த வேகத்தில்தான் ரவுட்டரோடு பேச முடியும். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ஒவ்வொருவருக்கும் பாக்கெட் கணக்கில் சம முறை என்பதால், மெதுவாகப் பேசுகிறவர் காற்று நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்வார். 2003-ல் பிரான்ஸின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். 1 எம்பிபிஎஸ்ஸில் பேசும் ஒரே ஒரு கருவி, 11-ல் பேசும் மற்றவர்களின் பங்கையும் தன் மட்டத்துக்கு இழுத்துவிடுகிறது.

அதற்காக அம்மாவின் போனைக் குற்றவாளி என்று சொல்வது, கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இவனுக்குக் காது கேட்கவில்லை என்று சொல்வது மாதிரி. கூரையோரமாக ஒரு லேன் கேபிளை இழுத்து, பரணில் கிடந்த பழைய ரவுட்டரைப் பின்கட்டில் மாட்டினேன். பூஸ்டரைப் போல இதற்குக் காற்றில் வாங்கிக் காற்றில் கொடுக்கும் வேலை இல்லை, கம்பி வழியாகவே வருகிறது. இப்போது சமையலறையில் 4 மில்லிசெகண்ட்.

நியாயமாகப் பார்த்தால்

பட்டியல் எழுதுகிறவர்களைத் திட்டிக்கொண்டே போவது நியாயம் இல்லை. அவர்கள் நம் ஜன்னலைப் பார்க்க முடியாது. கஸ்டமர் கேரில் உட்கார்ந்திருப்பவருக்கு அடுத்த அழைப்பு காத்திருக்கிறது, ரீஸ்டார்ட் பலருக்குப் பலிக்கவும் செய்கிறது. பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போது நோட்டுப் போட்டு நான்கு நாள் எழுது என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். அவசரத்துக்கு ஸ்விட்சை அணையுங்கள்.

ஆனால் அணைப்பதற்கு முன் அரை நிமிடம். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், ரவுட்டரின் விளக்குகளைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரியைப் பட்டியலின் முதல் இடத்தில் போட்டால் போதும், மீதி ஒன்பதையும் நான் மன்னித்துவிடுவேன். கடைசி வரியான "வீட்டில் எத்தனை பேர்" என்பதை மட்டும் எடுத்துவிட வேண்டும். அல்லது இப்படியாவது மாற்ற வேண்டும்: உங்கள் கணினி இப்போது என்ன ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "உன்னால இல்லம்மா. என் கம்ப்யூட்டர்தான் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. இனிமே இங்கயே பேசு."

"நான் அப்பவே நினைச்சேன்டா, குழந்தை மூஞ்சியப் பாக்குறதுக்கு எவ்வளவு நெட்டு செலவாயிடப் போவுதுன்னு" என்றார்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. வைஃபை ஒருநாளும் படுக்கவில்லை. பேத்தி இப்போது தவழ்கிறாள். ஆனால் அம்மா இன்னமும் மூன்று மணிக்கு என் அறை வாசலில் வந்து நின்று, "மீட்டிங் இருக்காடா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனை எடுக்கிறார்.